முதல் வாய்

ஜூன் 3, செவ்வாய்

காலை: இட்லி ஒன்று, நெய் தொட்டு. சாப்பிட்டது: இல்லை.
மதியம்: பருப்புச் சாதம், கேரட் மசித்தது. சாப்பிட்டது: இல்லை.
மாலை: பால் ஒரு டம்ளர், பிஸ்கட் இரண்டு. சாப்பிட்டது: முழுவதும்.
இரவு: ரசம் சாதம். சாப்பிட்டது: இல்லை.

தினமும் இப்படி எழுத வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் இந்த நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கியிருக்க மாட்டாள், எனக்குச் சோறு ஊட்டச் சொல்லித்தருகிறாள். "என்ன குடுத்தீங்க, என்ன சாப்பிட்டா, அப்ப என்ன பண்ணுனா, எல்லாத்தையும் எழுதுங்கம்மா. ஒரு மாசத்துல நமக்கே புரிஞ்சுரும்" என்றாள். கோட்டுக்குள் எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. மிச்சத்தைக் கோட்டுக்கு வெளியே எழுதுகிறேன்.

குயிலிக்கு இரண்டு வயது நாலு மாதம். எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் பார்த்து, அப்புறம் மூன்று வருஷம் பதிந்துவைத்துக் காத்திருந்து வாங்கிவந்த பிள்ளை. 'வாங்கிவந்த' என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தத்தெடுத்த பிள்ளை. கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வர இன்னும் இரண்டு மாதமாகும். அதுவரை வளர்ப்பது நாங்கள், பொறுப்பு அவள் இருந்த குழந்தைகள் இல்லத்துடையது. வந்த அன்று எடை ஒன்பது கிலோ நானூறு. இல்லத்தில் கொடுத்த தாளில் "உணவு: எல்லாம் சாப்பிடுவாள்" என்று டைப் அடித்திருக்கிறார்கள். எழுதுகிறவனுக்கு என்ன, கை வலிக்கவா போகிறது?

ஜூன் 5, வியாழன்

காலை: குட்டித் தோசை, நாலணா அளவில், ஐந்து. இல்லை.
மதியம்: முருங்கைக்கீரை மசியல், சாதம். துப்பிவிட்டாள்.
இரவு: பால் மட்டும்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் போய்க் கேளுங்கள், செண்பகவல்லி சமையல் எப்படி என்று. சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் சமையல்காரரே என்னைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வார். என் கைச் சோற்றை வேண்டாமென்று சொன்ன ஒரே ஆள், இரண்டரை அடி உயரம்.

அந்தப் பெண் கொடுத்த தாளைக் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறேன். வற்புறுத்தக் கூடாது. செல்போன் காட்டக் கூடாது. ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை கொடுத்துப் பார்க்க வேண்டும். இது வரைக்கும் சரி. கடைசியில் "குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும்" என்று இருக்கிறது. பிள்ளை பட்டினி கிடக்க அதன் எதிரே நாங்கள் இலை போட்டுத் தின்பதா? எங்கள் பக்கம் அந்தப் பழக்கமில்லை. முதல் வாய் பிள்ளைக்கு. அடுப்பிலிருந்து இறக்கி, வேறு யார் வாயும் படுவதற்கு முன்னால் பிள்ளைக்கு. அப்புறம் அவர். அதற்கப்புறம் நான். கண் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டுகிறேன், நானும் அவளும் மட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

நாத்தனார் கோமதி வந்தாள். மூன்று பெற்றவள், மூன்றும் தட்டையே கடித்துத் தின்னும். "என்ன மதினி, புள்ள இப்படி வத்தலா இருக்கு? நீங்க ஊட்டுனா திங்கலையாக்கும்?" என்றாள். குயிலி அவளுக்குச் சிரித்துக் காட்டினாள். எனக்கு இதுவரை சிரித்ததில்லை.

சாப்பிட்டது: பிஸ்கட் மூன்று.

ஜூன் 9, திங்கள்

பிஸ்கட்.

ஜூன் 12, வியாழன்

பீட்ரூட் தோசை. ரோஜா நிறத்தில் நான் மயங்கினேன், அவள் மயங்கவில்லை. கேரட் புட்டு. உருளைக்கிழங்கைப் பூனைமாதிரி செய்து மிளகில் கண் வைத்தேன். பூனையை எடுத்து விளையாடினாள்.

ஒன்றைக் கவனித்தேன். வாயருகே கையைக் கொண்டுபோனதும் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அப்புறம் என் கையைப் பிடித்து அந்தப் பக்கமே தள்ளுகிறாள். கோபமாகத் தள்ளினாலாவது பரவாயில்லை. "இதை அங்கே வை" என்று சாமானை நகர்த்துகிறவர்கள் தள்ளுவதுபோலத் தள்ளுகிறாள். அங்கே வெறும் சுவர். பல்லி இருக்கிறதா என்று அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். இல்லை. நாளை இடம் மாற்றி உட்காரவைக்கப் போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

சமையலறையில் உட்காரவைத்தேன். அங்கேயும் இடப்பக்கம்தான் பார்க்கிறாள். அங்கே கேஸ் சிலிண்டர்.

எதிர்வீட்டு அக்கா குரலைத் தணித்து, "நம்ம கண்ணுக்குத் தெரியாதது சின்னப்புள்ள கண்ணுக்குத் தெரியும் தாயி" என்றார்.  சாயங்காலம் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் ஓதவைத்து, கையில் கறுப்பு நூல் கட்டிவந்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

எடை: ஒன்பது கிலோ நூறு.

இல்லத்துக்குப் போன் செய்தேன். ஆபீசில் இருக்கிறவர் எடுத்தார். "இங்க எல்லாம் நல்லா சாப்பிட்டாளேம்மா" என்றார். அப்படியென்றால் என்ன அர்த்தம்? அங்கே சாப்பிட்டாள், இங்கே சாப்பிடவில்லை, ஆகவே குற்றம் இங்கே. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டேன். கேட்டிருக்கலாம். மானம் போகிறதே என்று கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

பெருமாள் கோயிலுக்குப் போனோம். புளியோதரைக்கு வரிசையில் நின்றோம். முன்னால் ஏழெட்டுப் பேர். பட்டர் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வருவதைக் குயிலி என் இடுப்பிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். எங்கள் முறை வந்ததும் கையை நீட்டினாள். தொன்னையை வாங்கி, அள்ளி அள்ளி, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். காரம் ஏறி மூக்கு ஒழுகியது. நான் அந்தப் பிராகாரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

அதே புளியோதரை, கோயிலைவிட நன்றாக. கதவைச் சாத்தி ஊட்டினேன். தொடவில்லை. பெருமாள் கொடுத்தால் தின்பாள், நான் கொடுத்தால் மாட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

மதியம்: தயிர்ச்சாதம். ஆறு வாய்.

எப்படி ஆறு வாய் என்பதையும் எழுத வேண்டும், எல்லாவற்றையும் எழுதச் சொன்னாளே. மடியில் படுக்கவைத்து, கால்களைத் தொடைக்குள் இடுக்கிக்கொண்டு, மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்கு வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். ஒரு நொடிதான். ஆறு தடவை, ஒவ்வொரு நொடி. என் அத்தை அவள் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது இப்படித்தான். யாரும் செத்துப்போகவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 25, புதன்

தட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள்.

ஜூன் 27, வெள்ளி

எடை: எட்டு கிலோ எழுநூறு. பாலையும் நிறுத்திவிட்டாள். காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அழக்கூடத் தெம்பில்லை.

அவர் மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். இருபது வருஷமாக நூற்பு மில்லில் மேஸ்திரி, எதற்கும் கலங்காத மனிதர். வராந்தாவில் நின்றுகொண்டு, "செண்பகம், நம்ம கையில வச்சு இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றார்.  நானும் அதைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோமதி பார்க்க வந்தாள். "தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. இங்க சதையே இல்லையே மதினி, எங்க ஆட? பேசாம விட்டுட்டு வந்துருங்க. புள்ளையாவது பிழைக்கும்" என்றாள். மற்ற நாளாக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். இன்றைக்கு அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பழம் மசித்துக் கொடுத்தேன். இல்லை.

ஜூலை 2, புதன்

கடிதம் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். "குழந்தை எங்களுடன் ஒட்டவில்லை. உணவு ஏற்க மறுக்கிறது. குழந்தையின் உயிர் நலன் கருதி இல்லத்திலேயே திரும்ப ஒப்படைக்க அனுமதி வேண்டுகிறோம்." ஆதாரத்துக்கு இந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைக்க வேண்டும் என்று போனில் சொன்னார்கள். இணைத்தோம். ஒரு பக்கம் விடாமல்.

பிள்ளையை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பிழைக்கட்டும் என்றுதான். இதைக் கோட்டுக்குள்ளேயே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு மணி நேர பஸ். போகிற வழியெல்லாம் என் தோளில் தூங்கினாள். இறக்கிவிடப் போகிறேன் என்று தெரியாமல் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு இல்லத்தில் கடிதத்தைக் கொடுத்தோம். ஆபீஸ்காரர் வாங்கி, சீல் அடித்து, நம்பர் போட்டார். கண்காணிப்பாளர் அம்மா ஒரு மணிக்கு வருவார், உட்காருங்கள் என்றார். அப்போது உள்ளேயிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. குயிலி என் மடியிலிருந்து இறங்கி ஓடினாள். தட்டுச் சத்தத்தைக் கேட்டு, அதை நோக்கி ஓடினாள்! நான் பின்னாலேயே போனேன்.

கூடத்தில் சுவரோரமாகச் சின்னப் பிள்ளைகள் ஐந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஐந்தாவதாக இருந்த டேனி என்ற பயலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இடம். குயிலி நேரே போய் அங்கே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். சகாயம் என்கிற ஆயா பெரிய தட்டில் சோறும் கீரையும் பிசைந்துகொண்டிருந்தார். "வாடி என் தங்கம், வந்துட்டியா" என்று சொன்னாரே தவிர, கை நிற்கவில்லை. முதல் பிள்ளைக்கு ஒரு உருண்டை. இரண்டாவதற்கு ஒன்று. மூன்றாவது. குயிலி தலையை இடப்பக்கம் திருப்பி அந்தக் கை வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது. டேனி. டேனி வாயை மூடியதும் இவள் திறந்தாள்.

முருங்கைக்கீரை. நான் மசியலாக, தோசையாக, வடையாகக் கொடுத்து எட்டுத் தடவை துப்பிய அதே கீரை. மறுபடி முதல் பிள்ளையிலிருந்து. நான் எண்ணினேன். பதினான்கு வாய் சாப்பிட்டாள்.

"இவளா சாப்பாட்டுக்குப் படுத்துனா?" என்றார் ஆயா. "இவளுக்கு மொறை வரணும்மா. தவழுற வயசுல இருந்து கடைசி ஆளு. முந்திக் குடுத்தா வாங்கமாட்டா. பக்கத்துப் புள்ளைக்குக் குடுன்னு நம்ம கையப் புடிச்சுத் தள்ளுவா. பாலு, பிஸ்கட்டுனா எல்லாத்துக்கும் ஒண்ணா வச்சுருவோம், அது அவளா எடுத்துக்குவா. ஏன், உங்க வீட்டுல தனியாவா ஊட்டுனீங்க?"

ஆமாம். தனியாக, கதவைச் சாத்தி, முதல் வாயை ஊட்டினேன். மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வா என்று ஒரு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சுவரில் பல்லி தேடினேன், பேய் தேடினேன், மூக்கைப் பிடித்தேன். ஒரு தட்டில் அவருக்கும் எனக்கும் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த ஆஸ்பத்திரிப் பெண் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டாள். வயது பத்தாது என்று நான்தான் அவளைத் தள்ளினேன்.

ஆபீசுக்கு ஓடிப்போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். "சீல் போட்டாச்சேம்மா" என்றார். கண்காணிப்பாளர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அப்புறம் ஜெராக்ஸைப் பக்கம் பக்கமாகப் படித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இருபத்தி நாலாம் தேதி எழுதியிருக்கிறது நடந்ததா?" என்றார்.

"நடந்தது."

"நான் உங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க, இதையும் நீங்களே எழுதியிருக்கீங்க. இனி தத்துக் கமிட்டிதான்மா முடிவு பண்ணணும். அதுவரைக்கும் பிள்ளை இங்க இருக்கட்டும்."

வரும்போது குயிலி டேனியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பியதை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் வந்துவிடுங்கள் என்று ஆயாதான் சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. யாருக்கும் ஊட்டவில்லை.

ஜூலை 9, புதன்

அவர் பேசவே மாட்டேனென்கிறார். கடிதத்தைச் சொன்னது அவர், எழுதியது நான். யார்மேல் யார் கோபப்படுவது? மத்தியானம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தட்டு வைத்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. இரண்டு பேரும் பிசைந்துவைத்துவிட்டு எழுந்துவிட்டோம்.

ஜூலை 16, புதன்

கமிட்டியில் நாலு பேர். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் வரிசை, முறை, முதல் வாய் எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியக்காரிபோலத்தான் இருந்திருக்கும். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், "சரிம்மா, சாப்பாடு புரிஞ்சுருச்சு. நாளைக்கு உங்களுக்குப் புரியாத வேற ஒண்ணுக்கு அழுதாள்னா? அப்பவும் லெட்டர் எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர் சொல்வார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் போனில் சொன்னார்கள். குயிலி வரிசையிலுள்ள அடுத்த குடும்பத்துக்குப் போகிறாள். யார், எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்லக் கூடாதாம். அவர்களுக்கு அந்த முறை விஷயத்தை மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறோம் என்றார்கள்.

ஜூலை 18, வெள்ளி

உடுப்பு, பொம்மைகளைக் கொடுக்கவும் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடவும் போனேன். அவர் வரவில்லை. "சாப்பாட்டு நேரம், பாத்துட்டுப் போங்க" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

டேனிக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருந்தான். அவன் இடம் காலி. கால் வலிக்கிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன். குயிலி திரும்பி என்னைப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் ஓடவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஆயா கத்தரிக்காய்ச் சாம்பார் பிசைந்து வரிசையாக ஊட்டிக்கொண்டு வந்தார். நாலு பிள்ளை முடிந்து, என்னைத் தாண்டி அவளுக்குக் கொண்டுபோனார். குயிலி வாயைத் திறக்கவில்லை. "ஏ, உன் மொறைதான்டி" என்றார். உதட்டை இறுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். ஆயா இன்னொரு தடவை நீட்டினார். அசையவில்லை.

"உங்களுக்குக் குடுத்தாத்தான் வாங்குவா போலிருக்கே" என்று சிரித்தார் ஆயா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வாயத் தெறங்க தாயி."

நாற்பத்தொரு வயதில் வாயைத் திறந்தேன். ஆயா ஊட்டினார். உப்புக் குறைச்சல். நான் விழுங்கும்வரை குயிலி பொறுத்திருந்தாள். விழுங்கியதும் அவள் வாயைத் திறந்தாள்.

அப்படியே பதினோரு சுற்று. அதற்கப்புறம் ஆபீசில் கூப்பிட்டார்கள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு வந்தேன்.